கணக்கு நோட்டு யார் கையில்?

உணவு டெலிவரி ஆப்கள் எங்களை ‘பார்ட்னர்’ என்றுதான் அழைக்கின்றன. தொழிலாளி என்ற சொல் ஓரிடத்திலும் வராது. வேலையில் சேரும்போது பெருவிரலால் கைபேசித் திரையைத் தொட்டு ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்கிறோமே, அந்த ஒப்பந்தத்தில் நாங்கள் ‘சுதந்திர ஒப்பந்ததாரர்கள்’. கூட்டாளி என்று மரியாதையாகத்தானே கூப்பிடுகிறார்கள், அதில் உனக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 12ஆவது பிரிவைப் புரட்டிப் பாருங்கள். நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் சரிபார்க்கவும் நகலெடுக்கவும் ஒவ்வொரு கூட்டாளிக்கும் உரிமை உண்டு என்கிறது. எங்களுக்கு அந்தப் புத்தகத்தின் அட்டை என்ன நிறம் என்பதுகூடத் தெரியாது. சரி, நான் கூட்டாளி இல்லை, தொழிலாளிதான் என்றால் சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும். அதற்கு மட்டும் ‘நீங்கள் தொழிலாளி இல்லையே, பார்ட்னர் ஆச்சே’ என்பார்கள்.

நான் இரண்டரை ஆண்டு முட்டுக்காட்டைச் சுற்றி வண்டி ஓட்டினேன். எந்த நிறுவனத்துக்கு என்பது இங்கே தேவையில்லை, பெயரை மாற்றிப் போட்டாலும் கதை மாறாது. ஒரு வியாழக்கிழமை மதியம் என் ஐடி பிளாக் ஆனது. ‘விதிமீறல்’ என்று ஒரே சொல். எந்த விதி, எந்த நாள், எந்த ஆர்டர் என்று எதுவுமில்லை. அந்த வாரத்தில் சேர்ந்திருந்த நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் வரவேயில்லை. உதவி எண்ணுக்குப் பேசினால், ‘உங்கள் ஐடி செயலில் இல்லை, எனவே புகாரைப் பதிவு செய்ய முடியாது’ என்று பதில். ஐடி செயலில் இல்லை என்பதுதான் புகாரே.

காசு போனது ஒரு பக்கம். ஆப்புக்குள் நுழைய முடியாததால் இரண்டரை வருட உழைப்புக்கு இருந்த ஒரே சான்றும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. வாரா வாரம் விழுந்த மொத்தத் தொகை வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தத் தொகை எத்தனை ஆர்டருக்கு, எத்தனை கிலோமீட்டருக்கு, எதற்கு எவ்வளவு பிடித்தம் போக வந்தது என்பது அதில் இல்லை.

எங்கள் பக்கம் ஓட்டியவர்களுக்கு இந்த விவரத்தின் அருமை தெரியும். படகுக் குழாம், தட்சிணசித்ரா என்று நீங்கள் சனி ஞாயிறுகளில் வந்துபோகும் இந்த ஈசிஆர் ஓரத்தில், கடலைப் பார்த்த பங்களாக்களும் ரிசார்ட்டுகளும்தான் எங்களுக்கு வாடிக்கை. கேளம்பாக்கத்தில் பார்சலை எடுத்து முட்டுக்காடு பாலம் தாண்டி வந்தால், ஆப் காட்டும் தூரம் மெயின் ரோட்டோடு முடிந்துவிடும். வீடு அங்கிருந்து மண் பாதையில் இன்னும் உள்ளே. கேட்டில் செக்யூரிட்டி நிறுத்துவார், உள்ளே போன் போட்டுக் கேட்பார், கால் மணி நேரம் போகும். திரும்பும்போது வெறும் வண்டி. இந்த மண் பாதையும் கால் மணி நேரமும் ஜிபிஎஸ்ஸில் நொடி பிசகாமல் பதிவாகின்றன. நான் டீ குடிக்க ஐந்து நிமிடம் நின்றால், ‘நீங்கள் நகரவில்லை’ என்று உடனே செய்தி வரும். அவ்வளவு துல்லியமான பதிவு, பாக்கிக் கூலி கேட்கும்போது மட்டும் எங்கே போகிறது?

2020 ஆகஸ்டில் சென்னையில் ஸ்விக்கி டெலிவரி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கலாம். கொரோனா காலம். ஒரு ஆர்டருக்கு 35 ரூபாய் கிடைத்தது 15 ரூபாய் ஆகிவிட்டது, ஊக்கத்தொகையையும் நிறுத்திவிட்டார்கள் என்பது ஊழியர்களின் குற்றச்சாட்டு. அந்த 15 ரூபாய் பல கூறுகளில் ஒன்றுதான், பெரும்பாலானவர்கள் ஆர்டருக்கு 45 ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கிறார்கள் என்பது நிறுவனத்தின் பதில். ஒரே வேலைக்கு இரண்டு கணக்கு. எது சரி என்று மூன்றாவது ஆள் பார்த்துச் சொல்ல வழியில்லை, ஏனென்றால் முழுக் கணக்கு ஒரு தரப்பிடம் மட்டுமே இருந்தது. ஊழியர்களிடம் இருந்தவை ஸ்கிரீன்ஷாட்டுகள்.

பதிவு இல்லாவிட்டால் என்ன, உழைத்தோம் காசு வந்தது என்று இருந்துவிடலாமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஈசிஆரில் விபத்து எத்தனை என்பதை இந்தச் சாலையில் ஓட்டும் யாரைக் கேட்டாலும் தெரியும். 25 வயது, மணமாகாத ஒரு டெலிவரி ஊழியர் அடுத்தவர் தவறால் விபத்தில் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே முதல் கேள்வி, மாத வருமானம் எவ்வளவு, சான்று எங்கே? சான்று இல்லையென்றால் தீர்ப்பாயமே ஒரு தொகையை ஊகித்து வைத்துக்கொள்ளும். உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த முறைப்படி, வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, மணமாகாதவர் என்பதால் பாதியைக் கழித்து, வயதுக்கேற்ப 18ஆல் பெருக்குவார்கள். ஊகித்த வருமானம் உண்மையைவிட மாதம் 5,000 ரூபாய் குறைந்தால் அந்தத் தாய்க்குப் போய்ச் சேர வேண்டியதில் 7,56,000 ரூபாய் குறையும். மகன் ஓட்டிய ஒவ்வொரு மீட்டரும் ஒரு சர்வரில் பதிவாகியிருக்கும். அவன் அம்மாவிடம் அதற்கு ஒரு தாள் இருக்காது.

இது ஆப் வந்த பிறகு முளைத்த வியாதி இல்லை. என் அம்மா 20 வருடம் சித்தாள் வேலை பார்த்தார். வேலைக்குப் போன நாளெல்லாம் தினசரி காலண்டர் தாளைக் கிழித்துத் தூக்கிப் போடாமல் ஆணியிலேயே செருகி வைப்பார். சனிக்கிழமை மேஸ்திரி நோட்டைப் பிரிப்பார். அம்மாவின் தாள் ஆறு என்று சொல்லும், நோட்டு ஐந்தரை என்று சொல்லும். எந்தச் சனிக்கிழமையும் தாள் ஜெயித்ததில்லை. மேஸ்திரி கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, அவருக்கு மேலே ஒரு நோட்டு இருந்தது. ஆனால் எழுதுகிறவன் எழுதுவதுதான் கணக்கு, உழைக்கிறவள் நினைவு கணக்கு ஆகாது என்ற ஏற்பாடு எங்கள் தெருவுக்குப் புதியதல்ல.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1891இல் அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர், இந்த மாவட்டத்தின் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அற்பக் கடனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு எப்படி ஒரு குடும்பத்தையே பண்ணைக்குக் கட்டிப்போட்டது என்பது அதில் இருக்கிறது. எழுதத் தெரிந்தவன் எழுதினான், படிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவன் கைநாட்டு வைத்தான். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்ததுதான் பஞ்சமி நில ஆணை. அந்த நிலத்தையும் பின்னால் ஏட்டில் பெயர் மாற்றித்தான் பறித்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று, இதே மாவட்டத்தின் காரணைப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள். நிலம் யாருடையது என்பது ஊரறிந்தது. பதிவேடு யார் கையில் என்பதுதான் சண்டை.

‘பார்ட்னர்’ என்ற பட்டத்துக்கு இன்னும் நெருக்கமான ஒன்றை அம்பேத்கரின் போராட்டத்தில் பார்க்கலாம். மகாராஷ்டிரத்தில் மகார் மக்களை ‘வதன்தார்’ என்று அழைத்தார்கள். பரம்பரை உரிமை உடையவர் என்று பொருள். கேட்கக் கௌரவமான சொல். வதன்தார் மகார் கூலிக்காரர் அல்ல, அதனால் அவருக்கு நிர்ணயித்த சம்பளம் கிடையாது. அரசு அதிகாரி இரவு பகல் எந்நேரம் கூப்பிட்டாலும் ஓட வேண்டும், அவர் இல்லையென்றால் வீட்டில் இருக்கும் யாராவது ஓட வேண்டும். ஈடாக ஒரு துண்டு நிலம், அரசு போடும் சில்லறை, பிறகு ஊராரிடம் போய்க் கேட்டு வாங்கும் தானியம். ஊரார் கோபித்துக்கொண்டால் தானியம் நின்றுவிடும். உரிமை என்று பெயர், பிச்சை என்று நடைமுறை. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் இதை மாற்ற மசோதா கொண்டுவந்தார். வேலை என்ன, கூலி என்ன, கொடுப்பவர் யார் என்று வரையறு என்பதுதான் அதன் உயிர். அந்த மசோதா நிறைவேறவில்லை. இந்த முறையை ஒழிக்கும் சட்டம் 1958இல்தான் வந்தது.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நான் ஆப்பை அழித்துவிட்டு வேறு வேலை தேடலாம், மகார் எங்கே போவார்? எங்கள் ஸ்டாண்டில் கோவளம் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு, ஊர்த்தெருப் பிள்ளைகள் உண்டு, அசாமிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஐடி பிளாக் ஆகும்போது சாதி பார்த்து ஆவதில்லை. ஆனால் பிளாக் ஆன பிறகு யார் எத்தனை நாள் தாங்குவார் என்பதில் சாதி இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் பைகாம் அமைப்பும் 2024இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பட்டியல் சாதி, பழங்குடி கார் ஓட்டுநர்களில் 60 சதவீதத்துக்கு மேல் நாளுக்கு 14 மணி நேரத்துக்கு அதிகமாக ஓட்டுகிறார்கள். பொதுப்பிரிவில் அது 16 சதவீதம். ஒரே ஆப், ஒரே ரேட். வண்டிக் கடனைக் கட்ட அப்பாவின் நிலம் கைகொடுப்பவன் 8 மணி நேரத்தில் வீட்டுக்குப் போகிறான்.

ரேட்டிங்கும் ஒரு பதிவேடுதான், அதை எழுதுவது வாடிக்கையாளர். வாடிக்கையாளருக்கு என் பெயரும் முகமும் தெரியும். அவர் எனக்கு ஏன் ஒரு ஸ்டார் போட்டார் என்று எனக்குத் தெரியாது. 2019இல் ஜபல்பூரில் ஒருவர், உணவு கொண்டுவருபவர் இந்து அல்ல என்பதற்காக ஆர்டரை ரத்து செய்து, அதைப் பெருமையாக ட்விட்டரிலும் போட்டார். 2024 மார்ச்சில் சொமேட்டோ ‘சுத்த சைவ’ டெலிவரிக்குத் தனிப் படையும் பச்சைச் சட்டையும் அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டது. சிவப்புச் சட்டைக்காரர் எந்தெந்த அடுக்குமாடிக்குள் நுழைய முடியாமல் போகும் என்பது அறிவித்த பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. இதெல்லாம் வெளியே தெரிந்தவை. சத்தமில்லாமல் போடப்படும் ஒரு ஸ்டார்களில் எத்தனை தீண்டாமை என்று பார்க்க வேண்டுமென்றால், என்மீது எழுதப்பட்டது என்ன என்று நான் படிக்க முடிய வேண்டும். அந்த ரேட்டிங்கை வைத்து ஐடியை முடக்கும் நிறுவனம், அதைக் காட்ட மட்டும் ‘வாடிக்கையாளரின் தனியுரிமை’ என்கிறது.

எழுதுபவன் பலசாலி என்பது சட்டத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 15ஆவது பிரிவில், இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவன் தலையில் வைத்தது. செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் இருளர் குடும்பத்திடம் போய் ‘முன்பணம் எவ்வளவு, சீட்டு எங்கே’ என்று கேட்பது அநியாயம் என்று புரிந்து எழுதிய பிரிவு அது. 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அதே தர்மம் இருக்கிறது. கூலி வரவில்லை என்று தொழிலாளி சொன்னால், கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி, பிரிவு 59. வேலையை விட்டு நீக்கினால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும், பிரிவு 17. சம்பளச் சீட்டு கட்டாயம், பிரிவு 50. 2025 நவம்பர் 21 முதல் இந்தத் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன.

இதில் ஒன்றுகூட எனக்குப் பொருந்தாது. கூடவே வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் என்னைப் போன்றவர்களுக்குத் தனி வரையறை வைத்திருக்கிறார்கள். பாரம்பரியமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு ‘வெளியே’ உழைத்துச் சம்பாதிப்பவர் கிக் தொழிலாளி. வெளியே! இந்தச் சொல்லோடு எங்களுக்குப் பழக்கம் உண்டு, எங்கள் தெருவும் ஊருக்கு வெளியேதான் இருக்கிறது. நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் நலநிதிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நல்லது. ஆனால் நலநிதி வேறு, பாக்கிக் கூலி வேறு. ஒன்று உதவி, இன்னொன்று என் காசு.

தமிழ்நாட்டிலும் இதே சிக்கல்தான். 2023 சுதந்திர தின உரையில் முதல்வர் அறிவித்தபடி, கிக் தொழிலாளர்களுக்கு நல வாரியம் வந்தது. 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் அமைத்தார்கள். விபத்து நிதி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி எல்லாம் உண்டு, எல்லாரும் பதிவு செய்ய வேண்டும். ஆனால் ஐடியை முடக்கிய நிறுவனத்திடம் ‘இவர் கணக்கை எடு, காட்டு’ என்று கேட்கும் பல் அந்த வாரியத்துக்கு வைக்கப்படவில்லை. பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம், எழுத்தில் காரணம் சொல்லி 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்காமல் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது, பிடித்தம் செய்தால் ஏன் என்று தெரிவிக்கச் சொல்கிறது. இதற்கெல்லாம் முன்பே, 2023இல், ராஜஸ்தான் ஒவ்வொரு பணப்பரிமாற்றமும் அரசு பார்க்கக்கூடிய ஒரு பதிவில் ஏற வேண்டும் என்று சட்டத்தில் எழுதியது. சமூகநீதியில் நாங்கள்தான் முன்னோடி என்று மேடைதோறும் பேசும் மாநிலம் இந்த விஷயத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

‘எங்கள் அல்காரிதம் வணிக ரகசியம்’ என்பது நிறுவனங்கள் வைக்கும் வாதம். இதே வாதம் 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எடுபடவில்லை. பிரிட்டனையும் போர்ச்சுகலையும் சேர்ந்த ஓட்டுநர்கள் ஊபர் மீதும் ஓலா மீதும் தொடுத்த வழக்கு அது. ஐடியை முடக்கியதில் மனிதரின் பங்கு பெயரளவுக்குத்தான் இருந்தது என்று நீதிமன்றம் கண்டது. ஓட்டுநர்களுக்கு அவர்களின் தரவையும், முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் கொடுக்கச் சொன்னது. ஓலா நம்ம ஊர் கம்பெனி, தோழர்களே. லண்டன் ஓட்டுநருக்குக் காட்ட வேண்டிய கணக்கு, பெங்களூரு ஓட்டுநருக்கு ஏன் ரகசியம்? நம் நாட்டிலும் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அது தருவது தரவின் ‘சுருக்கம்’. அந்த உரிமையும் 2025 நவம்பரில் விதிகள் வந்ததிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும்.

நிரந்தர வேலை இல்லாதவர்களுக்குக் கணக்கு வைப்பது சாத்தியமா என்று கேட்பவர்கள், முட்டுக்காட்டிலிருந்து அதே ஈசிஆரில் தெற்கே வடநெம்மேலி வரை ஒருமுறை வாருங்கள். முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. பாம்புத் தோல் வியாபாரம் சட்டப்படி நின்றுபோய்ப் பிழைப்பு போன இருளர்கள் தொடங்கிய சங்கம். பிடித்து வரும் பாம்புக்கு இவ்வளவு என்று காசு. இதுவும் துண்டுக்கூலிதான். பாம்பு எண்ணிக்கைக்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் ஒவ்வொரு பாம்புக்கும் பதிவு உண்டு, விஷம் எடுத்த பிறகு அதைத் திரும்பக் காட்டில் விட வேண்டும். அங்கேயும் தொல்லை உண்டு, அனுமதி தாமதமானால் அடுப்பு எரியாது. ஆனால் அந்தக் கணக்குப் புத்தகம் பாம்பு பிடித்தவர்களின் சங்கத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கூடம் பார்க்காத தலைமுறை தொடங்கிய சங்கத்தால் முடிந்தது, நாடெங்கும் சர்வர் வைத்திருக்கும் நிறுவனங்களால் முடியாதாம்.

தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம் வேண்டும். அதில் நலநிதிக்கு முன்னால் இவை இருக்க வேண்டும். ஐடி இருந்தாலும் முடங்கினாலும் முழு வேலைப் பதிவின் நகல் தமிழில், கேட்ட உடனே இலவசமாகக் கிடைக்க வேண்டும். முடக்கினால் இரண்டு நாளுக்குள் பாக்கி வந்தாக வேண்டும், புகார் விசாரணையைக் காட்டி உழைத்த காசை நிறுத்தக் கூடாது. கணக்கில் தகராறு வந்தால் நிரூபிக்க வேண்டியது நிறுவனம். இறந்துபோனவரின் பதிவு குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும். எங்களைத் தொழிலாளி என்று ஒத்துக்கொண்டால் இதில் முக்கால்வாசிக்குத் தனிச் சட்டமே தேவைப்படாது, அந்தச் சண்டையும் நடக்கத்தான் வேண்டும். அது முடியும்வரை எங்கள் பாக்கி காத்திருக்க முடியாது.

இதைப் படிப்பவர்களில் வண்டி ஓட்டுபவர்கள் இருப்பீர்கள். எங்கள் ஸ்டாண்டில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஞாயிறு இரவு லாக் அவுட் செய்வதற்கு முன், அந்த வாரத்தின் ஒவ்வொரு நாள் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆப் இல்லாத இன்னொருவர் போனுக்கு அனுப்பிவிட வேண்டும். பிறகு ஆர்டர் எண்ணிக்கை, தூரம், வந்த தொகை, பிடித்தம் நாலையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்கிறோம். ஆப் காட்டும் தூரத்துக்குப் பக்கத்தில் வண்டி மீட்டர் காட்டும் தூரம். நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் ஐடி எண்ணை எழுதிவையுங்கள். பிளாக் ஆன பிறகு அந்த எண்ணைக்கூட ஆப் காட்டுவதில்லை.